கரைய வேண்டியவள்

செப்டம்பர் 12, வெள்ளி
உருவம் முடிந்தது. ஏரிக்குள், வரத்து வாய்க்கால் வந்து சேரும் இடத்தில், கால் மடக்கிப் படுத்திருக்கும் பெண். ஏரி வண்டல், வைக்கோல், சாணம். வயிற்றுக்குள் கோரையும் அருகம்புல்லும் நாணலும் விதையாக. சீமைக்கருவேலத்தை வெட்டியபின் ஏரி வெறும் பொட்டலாகக் கிடக்கிறது. ஐப்பசித் தண்ணீர் வந்தால் இவள் கரைவாள், விதை ஏரியெங்கும் பரவும். கரைவதுதான் என் சிற்பம்.
கடைசியாகக் கட்டைவிரலால் கண் வைத்தேன். நன்றாகவே வந்திருக்கிறாள்.

செப்டம்பர் 20
நெற்றியில் மஞ்சள், குங்குமம். காலடியில் எலுமிச்சம்பழம். ஏரியில் ஆடு மேய்க்கும் வசந்தாமணி அக்காவைக் கேட்டேன்.
“வெள்ளிக்கெழமையாப் பாத்துக் கண்ணு தொறந்திருக்கறீங்க அம்மிணி. சும்மா உட்டா ஆகுமுங்களா?”
சிரித்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 3
தகரக் கொட்டகை போட்டுவிட்டார்கள். மேலே மழை படக் கூடாதாம். மழைக்கென்றே செய்தவளுக்குக் கூரை. ஏரிப் பாசனச் சங்கத் தலைவர் மாதேஸ்வரன் அண்ணனிடம் விதையைப் பற்றி, கரைவதைப் பற்றி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.
“நீங்க செஞ்சது மண்ணுங்க. இப்ப அது ஆத்தா. நம்ம கையில இல்லீங்க அம்மிணி.”
பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிவது ஊர் வழக்கம். எனக்கு மண் பிடிக்க அம்மனாய் முடிந்திருக்கிறது.
கண் திறந்தால் உயிர் என்று எந்தச் சிற்பிக்குத் தெரியாது? ஏன் வைத்தேன்? வேலை முடிந்த மிதப்பு. வேறென்ன.

அக்டோபர் 16
தூறல். தகரத்தில் சத்தம் மட்டும்.

அக்டோபர் 19
போதமலைப் பக்கம் வானம் கறுத்ததுமே ஓடினேன். கூரை இருந்தால் என்ன, வாய்க்கால் தண்ணீர் கீழிருந்து கரைத்துவிடும் என்று நினைத்தேன். தண்ணீர் வரவில்லை. வாய்க்கால் தலைப்பில் மணல்மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். அத்தனை வெள்ளமும் பள்ளத்து ஓடையில் திரும்பிப் போகிறது. ஆத்தாவை அடித்துக்கொண்டு போய்விடுமாம்.
ஏரி மறுபடி பச்சை புடிக்கட்டும்னுதானே இத்தனையும் பண்ணேன்? நான் இந்த ஊருக்கு வராமயே இருந்திருந்தா இந்நேரம் முழங்காலளவு நின்னிருக்கும். என்னாலதான் காயுது. என்னாலதான்.

அக்டோபர் 20
கடப்பாரையோடு போனேன். என் சிற்பம்தானே. வசந்தாமணி அக்கா ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு வந்து குறுக்கே நின்றார்.
“என்ற மருமவளுக்குக் காய்ச்சல் நின்னது இவகிட்ட வேண்டித்தானுங்க. எம்மேல மொதல்ல போடுங்க.”
கடப்பாரையை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். அறைக்கு வந்து அழுதேன்.

அக்டோபர் 24
சரி, அவர்கள் வழியிலேயே போகலாம் என்று மாதேஸ்வரன் அண்ணனிடம், “ஆத்தாகிட்டயே பூ கேட்போம்” என்றேன். வெள்ளைப் பூ வந்தால் மூட்டையை எடுப்பது, சிவப்பு வந்தால் இப்படியே விடுவது. ஊரே கூடியது. இரண்டு பொட்டலத்தில் ஒன்றை ஒரு சிறுமி எடுத்தாள். பிரித்தார்கள்.
செவ்வரளி.
நம்பாதவள் பூ கேட்கலாமா? கேட்டுவிட்டேன். இனி எந்த வாயோடு மறுப்பது?

நவம்பர் 9
ஏரிப் பக்கம் போகவில்லை. பெய்துகொண்டே இருக்கிறது.

நவம்பர் 30
மழை ஓய்ந்துவிட்டது. ஏரியில் சேறு மட்டும். முடிந்தது.

டிசம்பர் 5
வசந்தாமணி அக்கா வந்து கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனார். பெண்கள் தினமும் மஞ்சள் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். வயிறு வெடித்துக் கோரை எழும்பியிருக்கிறது. ஊற்றிய தண்ணீர் வழிந்து போன தூரம்வரை அருகம்புல். அதற்கப்பால் பொட்டல்.
“முடி மொளைச்சிருக்குதுங்க அம்மிணி. ஒரு ஆடு வாய் வெக்க உடுவனா நானு?”
“வாய்க்கால்?”
“மாசி நோம்பி வரட்டுமுங்க. மறுக்காப் பூ கேக்கலாம்.”
எனக்கும் ஒரு குடம் கொடுத்தார்கள். ஊற்றினேன். அடுத்த குடத்தைக் கொட்டகைக்கு வெளியே தூக்கிவந்து, புல் முடிகிற இடத்தில் ஊற்றினேன். யாராவது திட்டுவார்கள் என்று நின்றேன். அக்கா தன் குடத்தையும் அங்கே தூக்கிவந்தார்.