படுக்கைப்புண்ணும் பணி நிரந்தரமும்

செவ்வாய், இரவு.

பணி நிரந்தரம் கேட்டு வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் நாங்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரே நாளில் முடிந்துவிட்டது.

பேச்சுவார்த்தையில் எங்கள் நிறுவன மேலாளர் செல்போனை நீட்டினார். முத்தியால்பேட்டையில் படுத்த படுக்கையான பெரியவரை எங்கள் செல்வி ஒருக்களித்துப் படுக்கவைக்கும் படம். பெரியவரின் மகனே எடுத்து அனுப்பினானாம்.

“உங்க ஆளே வேலைக்கு வந்துட்டாங்க. அப்புறம் என்னம்மா ஸ்டிரைக்?”

நான் சங்கச் செயலாளர் என்று பெயர். கோரிக்கை மனுவை மடித்துக்கொண்டு எழுந்தேன்.

வெளியே செல்வி அழுதாள். “திருப்பிப் போடலைன்னா முதுகெல்லாம் புண்ணு வந்துடும் அக்கா. வேற எதுக்கும் போவல.”

எப்படித் திட்டுவது? கோரிமேட்டில் நான் பார்த்துக்கொள்ளும் அம்மாவை இன்று யார் திருப்பிப் போட்டார்களோ என்றுதான் போராட்டப் பந்தலில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

எங்களால் வேலையை நிறுத்த முடியாது. மேலாளருக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.