நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று

அக்கா,

புதிய றெக்கோட் பிளேயரின் பெட்டிக்குள் விரல் நீளத்தில் ஒரு எண்ணெய்ப் போத்தலும் இருந்தது. தட்டு சுழலும் அச்சுக்கு விட வேண்டிய எண்ணெய். மூடியைத் திறந்ததும் உங்கள் தையல் மெசினின் மணம் வந்தது. இரண்டு சொட்டு விட்டேன். போத்தலை மூடாமல் கொஞ்ச நேரம் கதிரையில் இருந்தேன்.

மகன் வாங்கி வைத்த அம்ப்ளிபயரும் இரண்டு ஸ்பீக்கர்களும் வீட்டில் ஏற்கெனவே இருந்தன. “அப்பா, போனிலயே எல்லாம் கேக்கலாம். பிறகேன் இந்தச் சட்டி?” என்றான். என்னிடமுள்ள ஒரே றெக்கோட்டைப் பற்றி அவனுக்குத் தெரியாது. பிளேயரை நேரே இணைத்தபோது சத்தம் கொசு அளவுக்குத்தான் வந்தது. இடையில் சத்தத்தைக் கூட்டும் சிறு பெட்டி ஒன்று வேண்டும் என்றார்கள். வாங்கினேன். எர்த் வயரை இறுக்கியதும் இரைச்சல் நின்றது. மன்னார்க் கழுதைகள் தெருப்பக்கச் சுவரில் முதுகை உரசும்போதெல்லாம் ஊசி துள்ளியது. மேசையை உள்சுவருக்கு மாற்றினேன். பிறகு, நீங்கள் போன பிறகு உங்கள் அலுமாரியிலிருந்து பிளவுஸ் துணியில் சுற்றியபடியே எனக்கு வந்து சேர்ந்த அந்த றெக்கோட்டை எடுத்தேன்.

அரிப்பு ஊரில் எங்கள் வீட்டில் யுத்தத்தால் கரண்ட் இல்லாத காலம் அது. படகேறி இந்தியாவுக்குப் போன ஒலிபெருக்கிக்காரர் உங்களிடம் விட்டுப்போன பழைய பிளேயரும், ஏதோ ஒரு படத்தின் நீதிமன்றக் காட்சி வசனம் அடங்கிய இந்த றெக்கோட்டும் மூலையில் கிடந்தன. பத்திரிகைக்கு நான் அனுப்பிய முதல் கூட்டச் செய்தி திரும்பி வந்திருந்தது. பேசியவர்கள் சொன்னதில் பாதி இல்லை, அடுத்த கூட்டத்தையும் இப்படி எழுதினால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று ஆசிரியர் எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி. என் கை அவ்வளவு மெதுவாய் எழுதியது. அடுத்த கூட்டத்துக்கு ஒரு மாதம் இருந்தது.

கடிதத்தை வாசித்துவிட்டு நீங்கள் தேற்றவில்லை, திட்டவுமில்லை. தையல் மெசினின் பெரிய சில்லிலிருந்து பிளேயரின் தட்டுக்கு ஒரு தோல்வாரை மாட்டினீர்கள். அதே சில்லில் உரசும்படி சைக்கிள் டைனமோவைக் கட்டி, அந்த மின்சாரத்தில் பிளேயரைப் பேச வைத்தீர்கள். பின்னேரங்களில் அரை மணித்தியாலம், தைக்க வேண்டிய பள்ளிச் சட்டைகளை ஒதுக்கி வைத்துவிட்டு மிதித்தீர்கள். நான் நிலத்தில் இருந்து, கேட்டதை எழுதினேன்.

முதல் வாரம் பாதி தவறியது. இரண்டாம் வாரம் பிடித்துவிட்டேன். மூன்றாம் வாரம் மறுபடியும் தவறத் தொடங்கியது.

“அக்கா, நீங்கள் கெதியா மிதிக்கிறியள்.”

“போடா. என்ர காலுக்கு நேற்றைக்கு ஒரு வேகம், இண்டைக்கு ஒரு வேகமோ? உன்ர கைக்குத்தான் சோம்பல்.”

“நீதவான்ர குரல் பொம்பிளைக் குரல் மாதிரிக் கிடக்கு.”

“அவருக்குத் தடிமன், சளி பிடிச்சிருக்கு. நீ எழுது.”

நம்பினேன். அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. அந்த றெக்கோட்டைக் கரண்டில் கேட்டதும் இல்லை.

கடலுக்குப் போக அனுமதிப் பாஸ் கேட்டுத் தொழிலாளர்கள் கூடிய கூட்டத்தில் ஒரு வசனமும் தவறவில்லை. வீட்டுக்கு வந்ததும், “எப்பிடியடா?” என்றீர்கள்.

“எல்லாரும் ஆறுதலா, மெதுவாத்தான் கதைச்சவை அக்கா. லேசாப் போச்சு.”

“ஓமோ? பாவங்கள், களைச்சுப் போயிருப்பினம்.”

சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கக் குனிந்தீர்கள். தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்தேன். உங்கள் கெண்டைக்காலில் தைலம் மணத்தது. அதையும் நான் கேட்கவில்லை. செய்தி முழுதாய் அச்சில் வந்தது. வேலை நிலைத்தது.

இப்போது ஊசியை வைத்தேன். நீதவான் பேசினார். கனத்த ஆண் குரல், ஆறுதலான பேச்சு. புதிய பிளேயரில்தான் பிழை என்று எண்ணி, தட்டின் விளிம்பில் ஒரு வெள்ளைத் தாள்துண்டை ஒட்டி, மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினேன். முப்பத்து மூன்று சுற்று, மேலே கொஞ்சம். இரண்டாம் முறையும் அதே. இந்த றெக்கோட்டுக்கு உரிய வேகம் அதுதான். பிளேயர் சரி. நீதவானுக்குத் தடிமன் இருக்கவில்லை, அக்கா.

உறுதிப்படுத்த நீங்கள் இல்லை. உங்களை அறியாமலே வேகம் கூடியிருக்கலாம் என்பதையும் நான் எழுதத்தான் வேண்டும். என் தொழில் அப்படி. ஆனால் ஒரு பாவாடைச் சுற்று முழுவதும் ஒரே அளவில் தையல் போட்ட கால் அது.

கொப்பியை எடுத்து நீதவானோடு எழுதிப் பார்த்தேன். கை முன்னைப்போல் இல்லை. ஆனாலும் அவர் வசனத்தை முடிக்கும்போது என் பேனை எழுதி முடித்துவிட்டுக் காத்து நின்றது.

அந்தக் காத்து நிற்கும் நேரத்தில்தான் நான் செய்தியாளன் ஆனேன். மற்றவர்கள் கொப்பிக்குள் குனிந்திருக்க, எனக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் மிஞ்சியது. யுத்தத்தில் விரட்டப்பட்டு, பல வருடம் கழித்து எருக்கலம்பிட்டி ஊருக்குத் திரும்பி வந்த ஒரு முதியவர், பேசி முடித்து மைக்கைக் கொடுத்த பிறகும் அதன் வயரை விடாமல் பிடித்தபடி நின்றார். மண்டபத்தில் அதை எழுதியவன் நான் ஒருவன்தான். என்னைப் பொறுமைசாலி என்றார்கள். இல்லை, என்னிடம் எப்போதும் ஒரு மூச்சு நேரம் மிச்சம் இருந்தது. அதை நீங்கள் மிதித்துத் தந்தீர்கள். இன்றும் அது கையில் இருக்கிறது.

றெக்கோட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். மறுபக்கத்திலும் நீதவான் ஆறுதலாகத்தான் கதைக்கிறார். பாவம், களைச்சுப் போயிருப்பார்.