நான்காய் மடித்த நீலத் துணி

அண்ணே,

உங்கள் காரை வாங்க ஆள் வந்துவிட்டது. கொடுப்பதற்கு முன் உள்ளே ஒருமுறை பார்த்துவிடும்படி அண்ணி சொன்னார். முன்னிருக்கைக்கு எதிரே இருக்கும் சின்னப் பெட்டியைத் திறந்தேன். இருமல் மிட்டாய், ஒரு பக்கக் காம்பு உடைந்த மூக்குக் கண்ணாடி, தோட்ட நிர்வாகி எழுதிக் கொடுத்த பழைய அனுமதிக் கடிதம். எல்லாவற்றுக்கும் அடியில் நான்காய் மடித்த நீலத் துணி. புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் உங்களுக்குக் கொடுத்த சட்டையின் கையை வெட்டி எடுத்தது. சேறு இல்லை. ஒரு முடிச்சு போட்ட சுருக்கம்கூட இல்லை. துப்பாக்கிக்குப் போடும் எண்ணெயின் வாடை மட்டும் இருந்தது.

“பழந்துணிதானே, தூக்கிப் போடு” என்றார் அண்ணி.

நான் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அண்ணி ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு ஒரு பொய்கூட என்னிடம் தயாராக இல்லை.

அது வியாழக்கிழமை. அன்று மாலையே ரூபன் என் வீட்டுக்கு வந்தான். உங்கள் மகனுக்கு இப்போது இருபத்தெட்டு வயது. உங்கள் துப்பாக்கிக்கு அவன் பெயரில் உரிமம் கிடைத்து ஒரு மாதம் ஆகிறது. சாப்பிடச் சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உங்கள் கைப்பேசியை என் முன்னால் நீட்டினான்.

“அத்தே, அப்பா போன்ல ஒரு மேப் இருக்கு. சிவப்பா வட்டம் போட்டு ‘ஆளில்லை’ன்னு எழுதியிருக்கு. உங்க எழுத்துதானே?”

“ஆமா.”

“நல்ல எடமாத் தெரியுதே. ஏன் அப்பா எங்ககிட்ட சொல்லவே இல்ல?”

“உங்கப்பாகிட்டதான் கேக்கணும்.”

“இனி அவர எங்க போயி கேக்கறது?” என்று சிரித்தான். பிறகு, “ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி போறேன். எந்தப் பக்கமா உள்ள நொழையணும்னு மட்டும் சொல்லுங்க” என்றான்.

“கூட யாரு?”

“யாரும் இல்ல லா. ஒருத்தன்கிட்ட சொன்னா போதும், அடுத்த வாரம் அங்க கூட்டம் கூடி பாசார் மாலாம் சந்தையே போட்டுருவானுங்க.”

மழை என்றேன். பாம்பு என்றேன். தோட்டம் கைமாறியிருக்கும் என்றேன். அவன் உங்களைப் போலவே தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“நீங்க சொல்லாட்டி பரவால்ல அத்தே. கூட்டாளிகிட்ட ட்ரோன் இருக்கு. நானே பாத்துக்குவேன்.”

அவன் போன பிறகும் கதவைச் சாத்தத் தோன்றாமல் நின்றேன். உங்களை அடக்கம் செய்த அன்றுகூட நான் அப்படிப் பயப்படவில்லை. அன்று நடக்க வேண்டியது நடந்து முடிந்திருந்தது.

ஆறு வருடங்களுக்கு முன் நீங்கள் என்னிடம் வந்து முறையிட்டது ஞாபகம் இருக்கிறதா? காட்டுப்பன்றி எண்ணெய்க்காக வளர்க்கும் இளஞ்செம்பனையின் குருத்தைத் தின்கிறது என்று தோட்டங்கள் உங்களைப் போன்ற உரிமக்காரர்களுக்குக் கடிதம் கொடுத்து உள்ளே விட்டன. உங்களுக்குள் ஒரு வழக்கமும் இருந்தது. துப்பாக்கியோடு உள்ளே போகிறவர் வாசலில் இருக்கும் முதல் மரத்து மட்டையில் தன் துணியைக் கட்டிவிட்டுப் போக வேண்டும். எத்தனை பேரோ அத்தனை முடிச்சு. வெளியே வந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். பின்னால் வருகிறவர் முடிச்சை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கால் வைப்பார். நான் அதைக் கேலி செய்தேன். “பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடா?” என்றேன். நீங்கள் சிலுவை போட்டுக்கொண்டு துப்பாக்கியை எடுப்பதையும், அந்தத் துணியையும் நான் ஒரே கணக்கில்தான் வைத்திருந்தேன்.

ஆனால் துணியே உங்களுக்கு வினையாகிவிட்டது. உங்களுக்குப் பன்றி கிடைக்கிறது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. நீலத் துணி தொங்கும் வாசலைத் தேடிக் கார்கள் வந்தன.

“பத்துக் காரு, பதினெட்டு நாயி. பன்னி என்ன செவிடா?” என்று என் சமையலறையில் நின்று கத்தினீர்கள். கத்தினீர்கள் என்று நான்தான் சொல்கிறேன். உங்கள் கத்தல் மற்றவர்களின் பேச்சுக்குச் சமம். “நீ பூகோளம் படிச்சவ. ஆளில்லாத எடமா ஒண்ணு பாத்துக் குடு. நீ படிச்சதுக்கு இப்பத்தான் ஒரு வேல வந்திருக்கு, டீச்சர்.”

எனக்கு வேட்டை பிடிக்காது. ஆனால் அந்த வேலை பிடித்திருந்தது. மூன்று மாலைகள் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இளஞ்செம்பனை ஒரு பக்கம், சதுப்பு மறுபக்கம், நடுவில் வற்றாத தண்ணீர். பன்றிக்கு அது போதும். மனிதர்கள் வராமலிருக்க வேறு சிலது வேண்டும். பாதியில் நின்றுபோன செம்மண் பாதை. பால்வெட்டு நின்றுபோன பழைய ரப்பர் மரங்கள். கண்ணுக்கெட்டிய தூரத்தில் கூரை இருக்கக்கூடாது. முதலில் பார்த்த இடத்தில் தகரக் கூரை ஒன்று வெயிலில் மின்னியது. தொழிலாளர் குடியிருப்பு என்று ஒதுக்கினேன். இரண்டாவதில் ஒரு சிறு கோயில். ஆலோர் காஜாவைத் தாண்டி இருந்த மூன்றாவது இடத்தில் ஒன்றுமே இல்லை. வட்டம் போட்டு “ஆளில்லை” என்று எழுதி அனுப்பினேன்.

மேலிருந்து எடுத்த படத்தில் தெரிவது மரத்தின் தலை மட்டுமே. அடியில் யார் நடக்கிறார்கள் என்பது தெரியாது. ஒவ்வொரு வருடமும் படிவம் நான்கு வகுப்பு மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தருகிறவள் நான்.

என் கணிப்பு சரியா என்று பார்க்கும் ஆசையில்தான் உங்களோடு வந்தேன். ஒரு சனிக்கிழமை, மாலை நான்கு மணி இருக்கும். தூறிக்கொண்டிருந்தது. நான் கறுப்பு மழைச்சட்டை போட்டிருந்தேன். வாசலில் குறுக்கே ஒரு சங்கிலி. பக்கத்தில் முதல் மரம். பழைய துணி நைந்துவிட்டதென்று புதிதாக வெட்டிக்கொண்டு வந்த நீலத் துணியை எடுத்தீர்கள்.

“கட்டவா?”

“எதுக்கு? கட்டினா நாளைக்கே மணியம் அண்ணன் வந்து நிப்பாரு. அவரு வந்தா ஊரே வரும். அப்புறம் நான் மூணு நாள் உக்காந்து தேடினதுக்கு என்ன அர்த்தம்?”

மணியம் அண்ணன் உங்கள் வேட்டைக் கூட்டாளி, இருபது வருடப் பழக்கம். அவரிடமும் நீங்கள் இந்த இடத்தைச் சொல்லியிருக்கவில்லை. துணியைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள்.

“நீ சொன்னா சரி.”

நான்காய் மடித்துப் பெட்டிக்குள் வைத்தீர்கள். வியாழக்கிழமை என் கைக்கு வந்தது அந்த மடிப்புத்தான்.

என் கணிப்பு சரியாகவே இருந்தது. அல்லூர் வாய்க்காலின் ஓரம் முழுக்கப் புதிதாகக் கிளறிய மண். கடித்துத் துப்பிய குருத்து. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மட்டைக் குவியலில் ஏறி உட்கார்ந்தோம். அரை மணி நேரம் பேசவில்லை. எதிரே அல்லூருக்கு அப்பால் பெரணிச் செடிகள் இடுப்பு உயரத்துக்கு நின்றன. தேநீர் ஊற்றப் போனபோது குடுவை மூடி என் கைநழுவி உருண்டது. எடுக்க இறங்கினேன். அது செடிக்குள் போயிருந்தது. கையும் முட்டியும் தரையில் ஊன்றித் தேடினேன்.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து சின்னதாக ஒரு சத்தம். கட்டைவிரலால் துப்பாக்கியின் பூட்டைத் தள்ளும் சத்தம். நீங்கள் தள்ளும்போது பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் நீங்கள் என் பின்னால் இருந்தீர்கள்.

“ஆளு! ஆளு! ஆளு!”

அது உங்கள் குரல் என்று புரிய எனக்கு நேரமாயிற்று. குவியலிலிருந்து குதித்து எனக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றீர்கள். துப்பாக்கி எங்கோ சேற்றில் கிடந்தது. தூறல் இலையில் விழுவது மட்டும் கேட்டது.

“டேய்... நீயா?”

பெரணிக்குள்ளிருந்து மணியம் அண்ணன் எழுந்தார். என்னைப் பார்த்தார். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

“தங்கச்சியா அது? கறுப்பா, தாழ... நான் பன்னின்னு... இன்னொரு தடவ அசைஞ்சா சுடலாம்னு இருந்தேன் டா.”

“வாசல்ல ஒங்க துணி இல்லையே” என்றீர்கள். குரல் திரும்பச் சின்னதாகிவிட்டது.

“நான் ரப்பர் மரத்துப் பக்கமா வந்தேன். கட்டல. நீ மட்டும் கட்டினியா?”

நீங்கள் சேற்றில் கிடந்த துப்பாக்கியை எடுக்கக் குனிந்தீர்கள்.

“கட்டினா நீ மோப்பம் புடிச்சி வந்துருவன்னுதான் கட்டல” என்றார் அவர். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “என் மருமவன் போன்ல தேடிக் குடுத்தான். மேலருந்து பாத்தா ஆளே இல்ல மாமான்னான்.”

அவருடைய மருமகனும் நானும் ஒரே படத்தைத்தான் பார்த்திருக்கிறோம்.

திரும்பும்போது கார்ச் சாவியை நான் வாங்கிக்கொண்டேன். தங்காக் பக்கமிருந்து வரும் லாரிகளுக்கு வழிவிட்டு நிற்கும்போது, “அண்ணிகிட்ட சொல்லாத” என்றீர்கள். அவ்வளவுதான். மணியம் அண்ணன் அந்த மாதமே தன் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார். நீங்கள் முட்டி வலி என்று சொல்லி உங்களுடையதை அலமாரியில் பூட்டினீர்கள். பன்றிக் குழம்பு இல்லாத கிறிஸ்மஸைப் பற்றி அண்ணி ஒவ்வொரு வருடமும் குறைபட்டுக்கொண்டார். துணியைக் கட்ட வேண்டாம் என்றது நான்தான் என்பதை நீங்கள் ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சண்டை போட்டிருப்பேன். எனக்கு அது எளிதாக இருந்திருக்கும்.

உங்களுக்குக் கொடுத்த வாக்கைச் சனிக்கிழமை மீறினேன். ரூபனைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். துணி வேண்டாம் என்று சொன்னது யார் என்பதையும்.

“அப்பா கத்துனாரா?” என்றான். “அப்பா கத்தி நான் கேட்டதே இல்லையே.”

“நான் கேட்டிருக்கேன்.”

“அப்ப போக வேணாங்கிறீங்களா?”

“நான் வேணாம்னா நீ கேப்பியா? போ. கட்டிட்டுப் போ.”

“அத்தே, இப்பல்லாம் யாரும் துணி கட்டறதில்ல. வேட்டைக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல லொக்கேஷன் போட்டுருவாங்க.”

“உள்ள போன் லைன் கெடைக்காது. நீ குரூப்பிலயும் போடு, துணியும் கட்டு. நான் வாசல்ல உக்காந்திருப்பேன்.”

“நீங்களா? அங்கயா?” என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி” என்றான்.

இன்று பூசை முடிந்து போனோம். அதே சங்கிலி. முதல் மரம் உயர்ந்துவிட்டது. மட்டையைப் பிடிக்க அவன் எம்ப வேண்டியிருந்தது. ஒரு முடிச்சு போட்டான். மடிப்பு கலைவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முதுகு மர நிரைகளுக்குள் மறைந்ததும் நான் காருக்குள் போய் உட்கார்ந்தேன். இறங்கி ஓடிப்போய்த் திரும்பக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். அப்படி ஓடினால் அசைகிற இன்னொன்றாக நானும் உள்ளே இருப்பேன். காரிலேயே இருந்தேன்.

குரூப்பில் போட்டது வேலை செய்தது. அரை மணி நேரத்தில் ஒரு கார், பிறகு இன்னொன்று, பிறகு மூன்று மோட்டார் சைக்கிள்கள். பாதிப் பேர் துணி என்றதும் விழித்தார்கள். நான் நீலத் துணியைக் காட்டினேன். ஒருவர் காற்பந்துச் சட்டையைக் கிழித்தார், ஒருவர் கார் துடைக்கும் மஞ்சள் துணியைக் கொண்டுவந்தார். “எத்தன பேரு?” என்று ஒவ்வொரு கூட்டத்தையும் கேட்டேன். அத்தனை முடிச்சு போடும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அக்கா டீச்சரா?” என்றார் காற்பந்துச் சட்டைக்காரர்.

“ஆமா.”

“தெரியுது.”

மொத்தம் பதினொரு முடிச்சு. கூட்டத்தைப் பார்த்து எனக்கு நிம்மதி வந்தது அண்ணே. என் வாழ்க்கையில் முதல் தடவை. அந்த நிம்மதி உள்ளேயிருந்து ஒரு வெடிச்சத்தம் கேட்கும்வரைதான் இருந்தது.

ஒரே ஒரு வெடி. அதற்குப் பிறகு நாய்களும் குரைக்கவில்லை. நான் காரைவிட்டு இறங்கி மரத்தடியில் நின்றேன். மூன்று பேர் வந்து மூன்று முடிச்சை அவிழ்த்தார்கள். யார் சுட்டது என்று கேட்டேன், தெரியாது என்றார்கள். பிறகு இருவர். நால்வர். அவர்களில் ஒருவர் தான்தான் சுட்டதாகவும், பன்றி தப்பிவிட்டதாகவும் சொன்னார். நம்பினேன், இருந்தாலும் எண்ணினேன். பிறகு ஒருவர். பத்து. நீலத் துணி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. செம்மண் பாதையில் யாரும் இல்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

ரூபன் அல்லூர்ப் பக்கமாகச் சேற்றோடு வந்தான், வெறுங்கையோடு.

“ஒண்ணும் இல்ல அத்தே. இவ்வளவு சத்தத்துக்குப் பன்னி பகாங் காட்டுக்கே போயிருக்கும்” என்று சலித்துக்கொண்டான். எம்பி முடிச்சை அவிழ்த்தான். துணி அவன் விரலிலிருந்து நழுவி, மரத்தடியில் இருந்த பெரணிச் செடிக்குள் விழுந்தது.

ஆறு வருடங்களாக வகுப்பில் பேனா விழுந்தால்கூட நான் குனிந்து எடுப்பதில்லை. மாணவர்கள் எடுத்துத் தருவார்கள். எனக்கு இடுப்பு வலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரூபன் துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டிருந்தான். நான் செடியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஆளு” என்றேன், எனக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு குனிந்தேன்.