பிக்கப் தாங்கும் எடை

மார்ச் 11, செவ்வாய்

வீட்டுச் சொந்தக்காரரின் மகன் வந்து போனான். வீட்டை விற்கிறார்களாம். மே முப்பத்தொன்றுக்குள் காலி செய்ய வேண்டும். பதினேழு வருஷம் குடியிருந்த வீடு. எங்கள் வருமானத்துக்கு ஹட்சின்சனில் வேறு வீடு இல்லை, போன வருஷமே தேடிப் பார்த்தாயிற்று.

“நல்லதாப் போச்சு, டிரெய்லர்ல இருந்துக்கலாம்” என்கிறான் ஆரின், லாட்டரி விழுந்த மாதிரி. கல்யாணமான நாளிலிருந்து இதே பேச்சுதான். ஓய்வு பெற்றதும் சக்கரம் வைத்த வீடு ஒன்றை வண்டியில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டுமாம். எனக்கு எந்த ஊரும் பார்க்க வேண்டாம். பள்ளிச் சமையலறையில் நின்று நின்று கால் போய்விட்டது. ஒழுகாத கூரை ஒன்று போதும்.

மார்ச் 15

கொக்கி வாங்கி வந்துவிட்டான். எங்கள் பிக்கப் லாரியின் பின்தட்டில் பொருத்துகிற பெரிய இரும்பு. டிரெய்லரின் கழுத்து அதன்மேல்தான் உட்காருமாம். டிரெய்லர் எங்கே என்று கேட்டேன். “அது தானா வரும்.”

மார்ச் 22, சனி

விசிட்டாவில் ஒரு விற்பனைக் களம். பதினோரு டிரெய்லர் ஏறி இறங்கினோம். வாங்குவதற்கு முன் கட்டிலில் படுத்துப் பார்க்க வேண்டும், கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதுதான் வழக்கம். ஆரின் உட்கார்ந்தான். கதவு சாத்தவில்லை. “முட்டிய வெளியில வச்சிட்டுப் போகணுமா?” என்று உள்ளிருந்து குரல்.

வருஷம் முழுக்க இதிலேயே இருப்போம் என்றதும் விற்பனையாளர் குரலைத் தாழ்த்தினார். “அத மட்டும் வெளிய சொல்லாதீங்க மேடம். நிரந்தரமா குடியிருந்தா வாரண்டி கிடையாது.” வீடு என்று விற்கிறார்கள், குடியிருந்தால் தப்பாம். எங்கள் கைக்கு எட்டுவதற்கெல்லாம் அட்டைச் சுவர். கான்சாஸ் ஜனவரியில் அதற்குள் விறைத்துப்போவோம்.

மார்ச் 23

களைப்பு. ஒன்றும் எழுதவில்லை.

ஏப்ரல் 9, புதன்

டிரெய்லரை வாடகைக்கு நிறுத்திக் குடியிருக்கும் பூங்காவில் இடம் இருக்கிறது. ஆனால் பத்து வருஷத்துக்கு மேல் பழையதை உள்ளே விடமாட்டார்களாம். புதியதை வாங்க முடியாது, பழையதை நிறுத்த முடியாது. எங்களைப் போன்றவர்கள் எங்கேதான் போவது?

ஏப்ரல் 19, சனி

நியூட்டனில் ஐலீன் பான்கிராட்ஸ் என்ற அம்மாள் விற்கிறார். ஒன்பது வருஷம் ஆன டிரெய்லர். தடித்த சுவர், இரட்டைக் கண்ணாடி. கட்டிலைச் சுற்றி நடக்க இடம் இருக்கிறது.

“என் வீட்டுக்காரர் முதியோர் இல்லத்துல இருக்கார். இனி வரமாட்டார்” என்றார் ஐலீன். “வியாபாரிக்குக் குடுக்க மனசு வரல. குடியிருக்கிறவங்கன்னா குறைச்சுத் தர்றேன்.”

அந்தக் கட்டிலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். முன்பின் தெரியாதவர் முன்னால், வெட்கமாக இருந்தது. இதுதான். இது போதும்.

திரும்பும்போது கேட்டேன், நம் பிக்கப் தாங்குமா? “வெல்டா, இது ஒரு வீட்டையே இழுக்கும்.” “அதத்தானே இழுக்கப்போற” என்றேன்.

ஏப்ரல் 21

பிக்கப்பின் ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் தாளைப் படித்தேன். முதுகில் எவ்வளவு ஏற்றலாம் என்று அதில் போட்டிருக்கிறது. ஆரின் நம்பிக்கொண்டிருப்பது டிரெய்லரின் காலி எடையை. காலி என்றால் தண்ணீர் இல்லை, தட்டுமுட்டு இல்லை, போர்வை இல்லை. மனுஷர் வாழாத எடை.

சொன்னேன். “தாள் ஒட்டுறவனுக்கு என்ன தெரியும்?” என்றான்.

யார் பேசுகிற பேச்சு இது! கூட்டுறவு தானியக் கிடங்கின் எடைமேடையில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவன். அறுவடை நேரத்தில் கூடுதல் பாரத்தோடு வந்த லாரிகளைத் திருப்பி அனுப்பியவன். விவசாயிகள் ‘அரைப் பவுண்டு ஆரின்’ என்றுதான் திட்டுவார்கள். தன் வண்டியை மட்டும் மேடையில் ஏற்றமாட்டானாம்.

ஏப்ரல் 23

உப்பு எங்கே என்று கேட்டான். விரலால் காட்டினேன்.

ஏப்ரல் 30

ஐலீனிடம் கேட்டு டிரெய்லரை மாட்டி ஓட்டிப் பார்த்தோம். ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்புவான் என்று நினைத்தேன். அவனாகவே கிடங்குக்குத் திருப்பினான். கொக்கியைக் கழற்றாமல் பிக்கப்பை மட்டும் மேடையில் நிறுத்தினான், டிரெய்லரின் சக்கரம் பின்னால் தரையில், கழுத்து பிக்கப்பை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்க.

இப்போது அவன் நாற்காலியில் டெஸ் என்ற பெண் இருக்கிறாள். எடையைப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியே மெதுவாகச் சொன்னாள்: “ஆரின், நீங்க இங்க இருந்திருந்தா இத ரோட்டுல விட்டிருக்கமாட்டீங்க.”

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். “ரொம்ப அதிகமா?” என்றேன். “ரொம்ப.”

நான் சொன்னது சரியாகிவிட்டது. சந்தோஷம் துளியும் இல்லை. நியூட்டன் வரை நத்தை வேகம், அவன் கழுத்தில் வியர்வை. “சின்னதா வேற பாத்துக்கலாமா?” என்றான். சரி என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சுவர்களை விட மனமில்லை — நான் இவ்வளவு சுயநலக்காரியா?

மே 10, சனி

பிக்கப்பை விற்றுவிட்டான். கொக்கியோடு. நெப்ராஸ்காக்காரத் தம்பதிக்கு. காரியம் முடிந்த பிறகுதான் என்னிடம் சொன்னான், பாத்திரத் தொட்டியில் கை கழுவிக்கொண்டே, திரும்பாமல்.

“ஒரே இடத்துல நிக்கிற வீட்டுக்கு இழுக்குற வண்டி எதுக்கு? ஐலீனோட டிரெய்லரக் கொண்டுவந்து பூங்காவுல நிறுத்த ஆள் பேசிட்டேன்.”

“நீ ஊர் ஊராப் போகணும்னியே.”

“நீ அந்தக் கட்டில்ல உக்காந்து அழுதியே. நாப்பது வருஷத்துல நீ எதையும் வேணும்னு கேட்டு நான் பாத்ததில்ல.”

துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

மே 24, சனி

வீடு பூங்காவுக்கு வந்து நின்றது. இழுத்து வந்தவர் பக்கத்து இருக்கையில் ஆரின். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு. பார்க்கப் பொறுக்கவில்லை. மட்டம் பார்த்து முட்டுக் கொடுத்து முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று. இன்று இரவு டப்பா சூப்.

ஜூன் 8, ஞாயிறு

பழைய சின்னக் கார் ஒன்று வாங்கியிருக்கிறோம். மளிகைக்குப் போக வேண்டியிருந்தது. “நீயே ஓட்டு” என்று சாவியை என்னிடம் தந்தான். பாதி வழியில் தலை ஜன்னலில் சாய்ந்துவிட்டது. ஓடுகிற வண்டியில் அவன் தூங்கி இதுவரை நான் பார்த்ததே இல்லை.

கடை வந்தது. எழுப்ப மனம் வரவில்லை. அப்படியே தாண்டி, கோதுமை வயல் பக்கம் காரை விட்டேன். கால் வலித்தது. அடுத்த ஊர் வரை ஓட்டினேன்.