உப்புக் காலத்தில் உன் கார்

அன்புள்ளவளே,

டுலூத்தில் பனி தொடங்கிவிட்டது, அதை உருக்கச் சாலையெங்கும் உப்பு. போன ஆண்டு, குளிர் தீரும்வரை தங்கை வீட்டில் இருக்கிறேன் என்று அரிசோனா போனாய். அதன்பின் ஒரு கோடையும் போய்விட்டது.

இந்த ஆண்டும் முதல் பனிக்கு முன்பே உன் சிவப்புக் காருக்கு மெழுகு பூசிவிட்டேன். பேட்டரி செத்துவிடக் கூடாதே என்று அவ்வப்போது கடைவரை ஓட்டிவந்து, ஹீட்டர் போட்ட கராஜில் நிறுத்திவைத்தேன்.

போன வாரம் பக்கத்து வீட்டு எய்னோ அதைப் பார்த்துவிட்டுக் கத்தினான்.

"யோவ், புத்தி இருக்கா உனக்கு? கதகதப்பா வெச்சாத்தான்யா ரோட்டுல ஒட்டின உப்பு வேகமா அரிக்கும். பெயின்ட் பொத்தல் பொத்தலாப் போயிடும். நல்லாக் கழுவிட்டு வெளியே குளிர்லயே விடு."

"அவ காருய்யா. குளிர்ல விட மனசு வரல."

எய்னோ தன் வீட்டுக்குள் நுழைந்தான். வெந்நீர் வாளியோடு வந்து, என்னோடு சேர்ந்து அடிப்பாகம்வரை கழுவிவிட்டுப் போனான்.

இப்போது கார் வாசலில், நீ வழக்கமாக நிறுத்தும் இடத்திலேயே நிற்கிறது. பெயின்ட்டுக்கு அதுதான் நல்லதாம். எனக்குத்தான் காலையில் திரையை விலக்கிக் காரைப் பார்த்ததும், கை தானாக இரண்டு காபிக் கோப்பைகளை எடுத்துவிடுகிறது.

இப்படிக்கு,
உன் காருக்குக் காவலிருப்பவன்