கண்ணாடியில் வைத்த சந்தனம்

புதுச்சத்திரம்
மாசி கடைசி வெள்ளி

அன்பு மகன் தீனதயாளனுக்கு அம்மா எழுதுவது. மாடு கன்று முதற்கொண்டு இங்கே எல்லோரும் சுகம், எனக்கும் கோபத்தைத் தவிர வேறு நோய் இல்லை. அந்தத் தான்சானியா வெயிலில் நீயும் மருமகள் வசந்தாமணியும் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் வேலை செய்கிற பையன்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நம்ம குலசாமி துணை நிற்கட்டும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை சொல்கிறாய், அப்புறம் டவர் இல்லை என்று கட்டாகிவிடுகிறது, டவர் போகிறதா நீயே கட் பண்ணுகிறாயா என்பது அந்தச் சாமிக்குத்தான் வெளிச்சம். கடிதத்தை நடுவில் யாரும் கட் பண்ண முடியாது. நம்ம ஊர்ப் பையன் சின்னண்ணன் உன் வண்டிக்கே டிரில்லராக வருகிறான் அல்லவா, அவன் கையில் இதையும் பருப்புப் பொடியையும் கொடுத்து அனுப்புகிறேன். பொடி டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

குச்சிக்கிழங்கு இந்த வருஷம் நன்றாகத்தான் விளைந்தது, ஜவ்வரிசி மில்காரன்தான் கிழங்கில் மாவு கம்மி மாவு கம்மி என்று விலையை இறக்குகிறான். செவலை எருமை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. மேற்கால் மோட்டார் ரூமுக்கு ஓடு மாற்றியாயிற்று. இதெல்லாம் இருக்கட்டும். உன் மகள் தனப்பிரியாவிடம் நீ போனில் கத்தினாயே, ஒழுங்கா அந்த சார்கிட்ட மன்னிப்புக் கேட்டு முடி, இல்லீனா படிச்சது போதும், ஊட்டுல வந்து உக்காரு என்று, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். காலேஜில் என்ன நடந்தது என்று அவளை ஒரு வார்த்தை கேட்டாயா? அவள் துறைத்தலைவர் காளிதாஸ் சார் உனக்குப் போன் போட்டு, புள்ளைய இப்படியா வளத்தீங்க, விழா மேடையில எங்க மானத்தையே வாங்கிட்டா என்று சொன்னதும் அப்படியே நம்பிவிட்டாய். வளர்த்தது நான். அன்றைக்கு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்ததும் நான். என்னையாவது கேட்டாயா? கேட்கவில்லை. ஆகவே இப்போது சொல்கிறேன், முழுசாகக் கேள்.

அவள் படிக்கிற நூலகத் துறையில் ஒரு விழா எடுத்தார்கள். யாரும் விடுபடாமல் எல்லாரையும் சேர்த்துக்கொள்வது, கண் தெரியாதவர்கள் நடக்க முடியாதவர்கள் எல்லாருக்கும் நூலகம் எட்டுகிற மாதிரி செய்வது, அப்புறம் படிக்கிற பிள்ளைகளின் மனசும் உடம்பும் நன்றாக இருப்பது, இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே விழா. வாசலில் பெரிய பேனர், நான் எழுத்துக் கூட்டி முழுசும் படித்துவிட்டேன். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கேள், அந்த விழாவுக்கு அழைப்பிதழைப் படமாகப் போட்டு எல்லோர் போனுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். எழுத்தாக வந்தால் அவள் போன் வாசித்துச் சொல்லும், படமாக வந்தால் வாய் திறக்காது என்று உனக்கே தெரியும். துறையில் கண் தெரியாதவள் இவள் ஒருத்திதான். இவளுக்காக எடுக்கிற விழாவின் அழைப்பு இவளுக்குத்தான் எட்டவில்லை. விடுதிப் பெண் ஒருத்தி வாசித்துச் சொல்லித்தான் இவளுக்கே தெரிந்தது, அப்புறம் இவள், ஆத்தா உங்களுக்கும் பொன்னாடை போத்தறாங்களாமா, பட்டுச்சேலை கட்டிட்டு வாங்க என்று எனக்குப் போன் பண்ணினாள்.

நானும் அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு போனேன். காலையில் முதல் வேலையாக, கண் தெரியாதவர் கஷ்டத்தை உணரட்டும் என்று மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டி வராந்தாவில் நடக்கவிட்டார்கள். அதுகள் கீச்சு மூச்சென்று கத்திக்கொண்டு, தூணில் முட்டிக்கொண்டு, திருவிழா ராட்டினம் மாதிரி ஒரே சிரிப்பு. கட்டை அவிழ்த்ததும் ஒருத்தி அழுதுகொண்டே ஓடி வந்து நம்ம பிள்ளையைக் கட்டிக்கொண்டு, உனக்கு எவ்வளவு கஷ்டம்டி என்றாள். இவள், எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல, நீ என் கால் மேல நிக்கற, அதுதான் வலிக்குது என்றாள். அப்புறம் மனசை லேசாக்குகிறேன் என்று வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார், எல்லாரும் திரையில விழற அருவியப் பாருங்க, பாத்துக்கிட்டே மூச்ச இழுத்து விடுங்க என்றார். இவள் எந்த அருவியைப் பார்ப்பாள்? பேசாமல் தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தாள். அடுத்து என்னை மேடைக்குக் கூப்பிட்டு, இந்த அம்மா செய்த தியாகம் என்று ஆரம்பித்தார்கள். என் பேத்திக்கு நான் சோறு போட்டது தியாகமா? பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லோரும் செய்வதுதானே. பொன்னாடையை வாங்கிக்கொண்டு வந்தேன், இப்போது கிரைண்டர் மேல் போர்த்தி வைத்திருக்கிறேன், தூசி படாமல் இருக்கிறது.

இனிமேல்தான் விஷயம். புத்தகம் வாசிக்கிற மிஷின் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். ஜெராக்ஸ் மிஷின் மாதிரி மேலே கண்ணாடி, புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தால் ஒரு பெண் குரலில் அதுவாகவே வாசிக்கும். அது வந்தது ஆடி மாசம். இது மாசி. இத்தனை நாளும் காளிதாஸ் சார் ரூம் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. இவள் கேட்கும்போதெல்லாம் ஒரு பதில். சாவி ஆபீஸ்ல இருக்கும்மா. ஆள் வந்து மாட்டித் தரணும்மா. விலை கூடின சாமான், உடைஞ்சா யார் பதில் சொல்றது. கடைசியில், விழாவுல தொறந்துக்கலாம்மா. அதுவரைக்கும் ஒவ்வொரு பாடத்தையும் யாராவது வாசிக்கக் கேட்டு, அதைப் போனில் பிடித்து வைத்துப் படித்திருக்கிறாள், வாசிக்கிறவளுக்குத் தலைவலி என்றால் இவளுக்குப் பாடம் இல்லை. நீ ரிக் வண்டி வாங்கி ஷெட்டில் நிறுத்தி மாலை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த ஊரில் தண்ணி வரும், சொல்லு.

அன்றைக்கு அந்த மிஷினை மேடையில் வைத்து, சாமந்தி மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, ஆயுத பூஜை மாதிரி ஜோடித்திருந்தார்கள். பூஜை போட்டதைத் தப்பு என்று சொல்லமாட்டேன், நம் வீட்டில் மிக்ஸிக்குக்கூடப் பொட்டு வைக்கிறோம். ஆனால் காளிதாஸ் சார் தன் கையாலேயே அந்தக் கண்ணாடி முழுக்கத் திருநீற்றைக் குழைத்துப் பட்டை போட்டு, நடுவில் ரூபாய் அகலத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மூடியையும் மூடிவிட்டார். உன்னைப் பெற்ற அய்யன் முதல் ரிக் வண்டிக்குப் பூஜை போட்டபோது டிரைவர் பார்க்கிற கண்ணாடியிலா பட்டை அடித்தார்? பெரிய விருந்தாளி வந்து சுவிட்சைத் தட்டினார், கைதட்டல். தனப்பிரியாவைக் கூப்பிட்டு ஒரு புத்தகத்தைக் கொடுத்து வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். அந்தப் பெண் குரல், எழுத்து எதுவும் இல்லை என்றது. புரட்டி வைத்தாள். எழுத்து எதுவும் இல்லை. மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்கிறது, எழுத்து எதுவும் இல்லை, எழுத்து எதுவும் இல்லை. இவள் கண்ணாடி மேல் விரலை ஓட்டி, முகர்ந்து பார்த்துவிட்டு, சார், சந்தனங்க என்றாள். அவர் ஓடி வந்து கர்ச்சீப்பால் துடைத்தார், எல்லாம் சேர்ந்து சேறாகிவிட்டது. அப்போது அவர் இவள் காதில் என்ன சொன்னார் தெரியுமா? உனக்கு மனப்பாடமா ஏதாச்சும் தெரியுமில்ல, மிஷின் வாசிக்கற மாதிரியே சொல்லிடும்மா, யாருக்கும் தெரியாது என்று.

ஊமை மிஷினுக்கு இவள் வாய் கொடுக்க வேண்டுமாம். அதற்குத்தான் இவள் மைக்கைப் பிடித்து, ஏனுங்க, இந்த மிஷின் ஆடி மாசமே வந்துருச்சுங்க, நான் இன்னைக்குத்தான் தொடறேன், காலைல எல்லாருக்கும் கண்ணக் கட்டினீங்க, இப்ப இதுக்கும் கட்டிட்டீங்க என்றாள். இவ்வளவுதான் பேசினது. ஒரு கெட்ட வார்த்தை இல்லை, குரல்கூட உயரவில்லை. மண்டபமே சிரித்தது, விருந்தாளியும் சிரித்தார், சாருக்கு மட்டும் முகம் கருத்துவிட்டது. இதுதான் உன் மகள் வாங்கின மானம்.

நீ கத்தின மறுநாள் அவள் பெட்டியோடு வந்து இறங்கினாள். சாப்பிட்டாயா என்றேன், ம் என்றாள். கையில் இருந்த வெள்ளைக் குச்சியை மடக்கி, இதைப் பரண் மேல போட்டுருங்க ஆத்தா, ஊட்டுக்குள்ள எனக்கு இது வேண்டியதில்லீல்ல என்றாள். நம்ம வீட்டில் எந்தச் சுவர் எங்கே என்று அவளுக்குத் தெரியும், குச்சி வெளியே போவதற்குத்தானே? இது போதாதென்று பக்கத்து ராசாத்தி மோர் வாங்க வந்தவள், நாந்தான் அப்பவே சொன்னனே அக்கா, கண்ணு தெரியாத புள்ளைக்குப் புஸ்தகத்துக்கிட்ட என்ன வேலைனு, என்றாள். உனக்கு ரெண்டு கண்ணும் பளிச்சுனு தெரியுதே, நீ எத்தன புஸ்தகத்தத் தொறந்த, மோரை வாங்கிட்டு நடையக் கட்டு என்றேன். ஆனால் தீனா, ராசாத்தி சொன்னதுக்கும் நீ சொன்னதுக்கும் என்ன வித்தியாசம் என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன். அவள் அயலாள். நீ அப்பன். இந்தப் படிப்பில் சேரும்போது அவள் உன்னிடம் சொன்னது மறந்துவிட்டதா, கண்ணு தெரியாத ஒருத்தர் லைப்ரரிக்குள்ள வந்தா என்ன கேப்பாங்க, எங்க தடவுவாங்கனு எனக்குத்தான தெரியும் அப்பா என்று? அப்போது நீ ஊரெல்லாம் போன் போட்டுப் பெருமையடித்தாய்.

இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் எழுந்து கம்ப்யூட்டரில் என்னவோ தட்டினாள், டவுனில் போய் அதைத் தாளில் அடித்து வாங்கி வரச் சொன்னாள். வந்ததும், ஆத்தா அந்தக் குச்சிய எறக்கிக் குடுங்க என்றாள். திங்கட்கிழமை நானும் கூடவே சேலத்தில் இருக்கிற அவள் காலேஜுக்குப் பஸ் ஏறினேன். காளிதாஸ் சார் என்னைப் பார்த்ததும், நீங்க எதுக்கும்மா வந்தீங்க என்றார். விழாவுக்குக் கூப்பிட்டீங்கள்ல, மன்னிப்புக்கும் வந்துட்டுப் போறனுங்க என்றேன். வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள், எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கடிதம் வாசிக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. இவள் தாளை நீட்டி, வாசிக்கறங்க சார், எனக்குத்தான் எழுத்து தெரியாதே, மிஷின எடுத்து வெய்ங்க என்றாள்.

பிள்ளைகள் அவரையே பார்க்கின்றன. என்ன செய்வார், மன்னிப்பு வேண்டுமென்றால் அலமாரியைத் திறந்துதானே ஆக வேண்டும்? சாவி ஆபீஸில் இல்லை தீனா, அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்து வந்து வைத்தார், விழாவில் இவளைக் கட்டிக்கொண்டு அழுதவள் கண்ணாடியை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்தாள், இவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள். அந்தப் பெண் குரல் ஏற்ற இறக்கம் ஒன்றும் இல்லாமல் வாசித்தது: மதிப்பிற்குரிய துறைத்தலைவர் அவர்களுக்கு வணக்கம், விழா மேடையில் நான் பேசியது உங்கள் மனதைப் புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன், அன்றைக்கு மிஷினின் கண்ணைக் கட்டிவிட்டீர்கள் என்று சொன்னது தவறு, அது ஆடி மாதத்திலிருந்தே கட்டித்தான் இருந்தது, இப்போது அவிழ்த்ததற்கு நன்றி, இப்படிக்குத் தங்கள் மாணவி. யாரும் சிரிக்கவில்லை. அவர் மிஷினைத் தூக்கப் போனார். அந்த அழுதவள்தான், சார் அது லைப்ரரியிலயே இருக்கட்டும் சார் என்றாள். யாரு பொறுப்பு என்றார். நம்ம பிள்ளை, லைப்ரரி சாமானுக்குப் பொறுப்பு எடுக்கறது எப்படினுதான சார் எங்களுக்குச் சொல்லித் தர்றீங்க என்றாள். அவர் மிஷினை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனார். மிஷின் இப்போது நூலக மேஜையில் இருக்கிறது. அதிலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை, சாயங்காலம் ஆனால் கோழியை அடைக்கிற மாதிரி உள்ளே வைத்துப் பூட்டுகிறாராம். ஆனாலும் பகலெல்லாம் வாசிக்கிறாள். முந்தாநாள் போனில் அவள் குரலைக் கேட்டிருக்க வேண்டும் நீ, யாரையும் கெஞ்சாம ஒரு புஸ்தகத்த முழுசா முடிச்சுட்டேன் ஆத்தா என்றாள்.

உன்னைப் பற்றி அவள் பேசுவதில்லை. நான் எடுத்தாலும் பேச்சை மாற்றுகிறாள். ஆனால் இங்கே வீட்டில் இருந்த நாளெல்லாம் போனில் மணி அடித்தால் சட்டென்று எடுத்துக் காதில் வைத்தாள், நீ இல்லை என்று தெரிந்ததும் கீழே வைத்துவிட்டாள். இதை நான் பார்த்தேன், ஆகவேதான் எழுதுகிறேன். அவளை மன்னிப்புக் கேட்கச் சொன்னாய், கேட்டுவிட்டாள். இப்போது உன் முறை சாமி. கௌரவம் பார்க்காதே, பெற்ற பிள்ளையிடம் என்ன கௌரவம்? போனில் அனுப்பினால் அதுவும் வாசிக்கும்தான், ஆனால் திட்டினதும் அந்தப் போனில்தான், அதே வழியில் வேண்டாம். உன் ஆபீஸில் பில் அடிக்கிற மிஷினில் ஒரு தாளில் அடித்துத் தபாலில் போடு. கையால் எழுதாதே, அந்த மிஷினுக்குக் கையெழுத்து பிடிபடாதாம், அப்புறம் வேறு யாரையாவது வாசிக்கச் சொல்ல வேண்டி வரும். அப்பன் மகளுக்கு எழுதினதை நடுவில் ஒருத்தர் வாசிக்க வேண்டாம். நானும் வாசிக்கமாட்டேன், உறையைப் பிரிக்காமல் அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

தண்ணி நன்றாகக் காய்ச்சிக் குடி, வெயிலில் தலையில் துண்டில்லாமல் வண்டி பக்கம் போகாதே. வசந்தாமணிக்கு என் அன்பு, அவளாவது உன்னிடம் இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று நான் வருத்தப்பட்டதாகச் சொல். நீங்கள் தோண்டுகிற இடமெல்லாம் ஊற்றுக் கண் திறக்கட்டும், பதினாறும் பெற்று நன்றாக இருங்கள். தாள் அடிக்க மறந்துவிடாதே, எழுத்தைக் கொஞ்சம் பெரிசாகவே அடி.

இன்னும் கோபம் ஆறாத, ஆனாலும் உன்னைப் பெற்ற,
அம்மா சௌந்திரம்