புத்தகத்தில் இல்லாத பக்கம்

பெப். 8, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். ஹாலிஎல முழுக்கப் பனிமூட்டம். மகள் கீர்த்தியின் பள்ளிச் சட்டை இரண்டும் ஈரம், அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கப் போட்டாயிற்று.

வாங்க வேண்டியது: பருப்பு, சவர்க்காரம், ப. மிளகாய், டோர்ச்சுக்கு பெற்றரி.

வசந்தாவின் விண்ணப்பத்துக்குப் பதில் வந்துவிட்டது. ஆப்பிரிக்காவில் ஓர் அகதி முகாம், தாதி வேலை, ஆறு மாதம். ஆஸ்பத்திரியில் லீவு தருகிறார்கள். வருவதாக இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

"கீர்த்தி சரின்னு சொன்னாத்தான் போவேன்" என்கிறாள். பெற்றவள் எட்டு வயதுப் பிள்ளை தலையிலா இதை வைப்பது? கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும், சண்டைக்குத் தெம்பில்லை. பிள்ளைக்கு விளங்கப்படுத்தும் வேலை வழக்கம்போல எனக்கு. அவளுக்குப் பயிற்சியில் கொடுத்த படப்புத்தகம் ஒன்று, இங்கிலீஷ். தினமும் தமிழில் சொல்லிச் சொல்லி வாசிக்க வேண்டுமாம். "நீங்கதானே வாத்தியார்." எல்லாவற்றுக்கும் இது ஒன்று.

பெப். 9, திங்கள்

பாடசாலையிலிருந்து வரும்போதே முதுகு வலி. தேத்தண்ணி குடித்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

படத்தில் ஒரு டாக்டரம்மா. கூடாரங்கள், புழுதி, வரிசையில் பிள்ளைகள். "மனிதாபிமானப் பணியாளர்" என்றேன். கீர்த்தி கொட்டாவி விட்டாள். சரி போகட்டும் என்று, "கஷ்டத்துல இருக்கிறவங்களுக்காக வெளிநாடு போறவங்க" என்று மாற்றினேன். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ரித்திகாவோட அம்மா மாதிரியா?"

ரித்திகா இவள் வகுப்புப் பிள்ளை. அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருடம்.

"அது வேற, இது வேற."

"அவங்களும் வீட்டுல கஷ்டம்னுதானே போனாங்க. அப்ப நம்ம வீட்டுலயும் கஷ்டமாப்பா?"

நான் போட்ட வாக்கியம், யாரைக் குறை சொல்ல? கஷ்டம் முகாமில் இருப்பவர்களுக்குத்தான், நமக்கு இல்லை என்று விளக்கினேன். தலையாட்டினாள். சாப்பிட உட்கார்ந்ததும் தன் முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தாள். "எனக்குப் பருப்பே போதும்ப்பா." திருப்பி வைத்தாலும் சாப்பிடவில்லை.

பெப். 10, செவ்வாய்

தலைவலி. 5ஆம் வகுப்புக் கொப்பிகள் திருத்தவில்லை.

ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பெண்கள்:

"தாய் வெளிநாடு போன பிள்ளை அக்கா, அம்மா எங்கடான்னு கேட்டா போனைக் காட்டுது."

"ஐயோ பாவம். சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல."

இறங்கும்வரை இதே பேச்சு.

மாலையில் வாசிப்பு. கீர்த்தி பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா தேடுறே?"

"டாக்டரம்மாவோட பிள்ளையக் காணோமே."

இல்லைதான். நானும் பார்த்தேன். கடைசிப் பக்கத்திலும் டாக்டரம்மா முகாமில்தான் நிற்கிறார், சிரித்துக்கொண்டு. கூசாமல் வாசித்தேன்: "ஆறு மாசம் முடிஞ்சதும் டாக்டரம்மா வீட்டுக்கு வந்துட்டாங்க. மக வாசலுக்கு ஓடி வந்து கட்டிப்பிடிச்சிக்கிட்டா." அப்படி ஓர் எழுத்துகூட அங்கே இல்லை.

பிள்ளை நிம்மதியாகத் தூங்கிவிட்டாள்.

பெப். 11, புதன்

காஸ் முடிந்தது. விறகில் சமையல், வீடெல்லாம் புகை.

அகப்பட்டுக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில் விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாக எழுத்துக்கூட்டினாள்.

"அப்பா, 'ஹோம்' எங்க இருக்கு? 'ஹோம்'னா வீடுன்னு டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க, எனக்குத் தெரியும். இங்க இல்லையே."

புத்தகத்தை வாங்கி, தேடுவதுபோல் பார்த்தேன்.

"நீங்களா சொன்னதா?"

"ஆமா."

கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. புத்தகத்தை மூடி அலுமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

குசினியில் அடுப்பை ஊதிக்கொண்டே வசந்தா, குரலைத் தாழ்த்தி: "பிள்ளைக்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"நீ ஏன் போகணும்? இங்க நோயாளிங்க இல்லையா?"

"ஹல்துமுல்லையில எங்க தோட்டத்து லயத்து வீடுங்க மேல மண் சரிஞ்சப்ப, பேரு தெரியாதவங்கதான் வந்து எங்க அம்மாவை மண்ணுக்குள்ள இருந்து தூக்குனாங்க. எங்கிருந்து வந்தாங்கன்னுகூடத் தெரியாது."

இங்கே எழுதலாம், யாரும் பார்க்கப் போவதில்லை. அவள் போவதில் எனக்கு விருப்பமில்லை. பயம். அங்கே சண்டை, காய்ச்சல், என்னென்னவோ. கீர்த்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை, அதற்குத்தான் காத்திருக்கிறேன். அந்த இல்லாத பக்கத்தை வாசித்தது பிள்ளைக்காக மட்டுமல்ல. எனக்கும் அது தேவையாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

பெப். 12, வியாழன்

மழை. சீருடை இன்றும் அரை ஈரம். காஸ் வந்தது.

வசந்தாவுக்கு இன்று ஓய்வு நாள். புத்தகத்தை அவளே எடுத்தாள். நான் கொப்பி திருத்துகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் கடைசிவரை வாசித்தாள்.

"அவங்க வீட்டுக்கு வரலையா?"

"புத்தகத்துல அவ்வளவுதான் இருக்கு. நான் வருவேன்."

"ரித்திகா அம்மாவும் அப்படித்தான் சொன்னாங்களாம்."

வசந்தா புத்தகத்தை மூடினாள். பிறகு, "பயமா இருக்கா?"

"ம்."

"எனக்கும்தான் கீர்த்தி."

அப்பா அம்மா பயப்படுவார்கள் என்று நாங்கள் யாருமே அவளிடம் சொன்னதில்லை. கீர்த்தி புத்தகத்தை மறுபடி திறந்து, வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தாள்.

"அங்க சின்னப் பிள்ளைங்களுக்கு ஊசி போடுவீங்களா?"

"போடுவேன்."

"வலிக்காம போடுங்க, சரியா?"

அவ்வளவுதான் பேச்சு. கொப்பியில் ஒரே கணக்குக்கு இரண்டு தடவை சரி போட்டிருக்கிறேன்.

பெப். 13, வெள்ளி

மழை விட்டிருக்கிறது. துணியெல்லாம் வெளியே.

காலைத் தேத்தண்ணி. வசந்தா கையில் போன். பதில் அனுப்ப இன்றுதான் கடைசி.

"கீர்த்தி, என்ன சொல்றே?"

"வலிக்காம ஊசி போடுங்கன்னு நான்தான் நேத்தே சொல்லிட்டேனே. அப்பாதான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

வசந்தா போனை மேசையில் வைத்தாள். "ஆமா. உங்ககிட்ட நான் கேக்கவே இல்லைல்ல?" ஐந்து நாளாக என் முகத்தை நேராகப் பார்க்காதவள், இப்போது பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல இதுதான் நேரம். அவள் கேட்டுக்கொண்டு போகாமல் இருந்துவிடுவாள், எனக்குத் தெரியும்.

"போ" என்றேன்.

கீர்த்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "'போயிட்டு வா'ன்னு சொல்லுங்கப்பா."